வீக்கம் வடிந்தால் மூட்டு தேறியதாகுமா?

வண்டி மாடு ஒன்று திடீரென்று முன்காலைச் சரியாக ஊன்றாமல் நொண்டுகிறது. முட்டி உருண்டையாக வீங்கியிருக்கிறது. கையை வைத்தால் சூடு தெரிகிறது. களத்தில் நெல் கிடக்கிறது. மூட்டைகளை வீட்டுக்குக் கொண்டு வந்தாக வேண்டும். ஊசி போடுகிறவரைக் கூப்பிடுகிறோம். ஒரு ஊசி போடுகிறார். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ வீக்கம் வடிகிறது. மாடு எழுந்து நடக்கிறது. "தேறிவிட்டது" என்று சொல்லி நுகத்தில் பூட்டி விடுகிறோம்.

உண்மையில் தேறியதா? வெளியே வீக்கம் வடிந்திருப்பது நம் கண்ணுக்குத் தெரிகிறது. மூட்டுக்குள்ளே என்ன நடந்தது என்பது தெரியாது. உள்ளே பார்க்க வேண்டுமானால் மூட்டைத் திறக்க வேண்டும். பிழைப்புக்கு வைத்திருக்கும் மாட்டை யார் அப்படித் திறந்து பார்ப்பார்கள்?

அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில் ஃபோர்ட் காலின்ஸ் என்ற ஊரில் உள்ள கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில், கால்நடை மருத்துவ விஞ்ஞானிகள் குதிரைகளின் மூட்டைத் திறந்து பார்த்தார்கள். அதற்காகவே குதிரையின் முட்டியில் வேண்டுமென்றே மூட்டுநோயை உண்டாக்கி, மருந்து கொடுத்து, பிறகு உள்ளே என்ன ஆயிற்று என்று ஆராய்ந்தார்கள். கேட்பதற்குக் கொடுமையாக இருக்கிறது அல்லவா? இருக்கத்தான் செய்கிறது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறோம். முதலில் அந்தச் சோதனைகள் என்ன, அவற்றில் என்ன தெரிந்தது என்று பார்ப்போம்.

மூட்டின் அமைப்பு

குதிரையானாலும் மாடானாலும் மனிதரானாலும், அசையும் மூட்டின் அமைப்பு ஒன்றுதான். இரண்டு எலும்புகள் சேரும் இடத்தில், அவற்றின் முனைகளில் வழவழப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கும். மூட்டைச் சுற்றி ஒரு பை. அந்தப் பையின் உட்புறம் மெல்லிய சவ்வு. அந்தச் சவ்வு கசியவிடும் நீர்தான் மூட்டு நீர். நல்ல மூட்டில் அது வெளிர் மஞ்சளாகத் தெளிந்து இருக்கும். இரு விரலுக்கு நடுவே வைத்து இழுத்தால் முட்டையின் வெள்ளைக்கரு போல நூலாக நீளும். நோய் வந்த மூட்டில் அது நீர்த்துப் போகும். நூல் வராது.

குருத்தெலும்பு ஒரு விசித்திரமான பொருள். அதில் பெரும்பகுதி தண்ணீர். பஞ்சு தண்ணீரைப் பிடித்து வைப்பது போல, அதில் உள்ள சில பொருள்கள் தண்ணீரைப் பிடித்து வைக்கின்றன. அதனால்தான் அது பாரத்தைத் தாங்குகிறது. ஆனால் அதில் இரத்தக் குழாய் இல்லை, நரம்பும் இல்லை. இரத்தம் ஓடாததால், ஒருமுறை தேய்ந்தால் தோலில் பட்ட காயம் போல ஆறுவதில்லை. நரம்பு இல்லாததால், தேயும்போது வலிப்பதும் இல்லை. வலியெல்லாம் சுற்றியுள்ள சவ்விலிருந்தும், அடியில் உள்ள எலும்பிலிருந்தும் வருவதுதான். ஆகவே குருத்தெலும்பு கெட்டுக்கொண்டே இருக்கையில் விலங்கு நொண்டாமல் நடக்கலாம். சவ்வு மட்டும் வீங்கி, குருத்தெலும்பு நன்றாக இருக்கையில் பலமாக நொண்டவும் செய்யலாம். இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படிக்க வேண்டும்.

குதிரை எதற்காக?

எலியில் செய்யலாமே என்று கேட்கலாம். எலியிலும் முயலிலும் நிறையவே செய்திருக்கிறார்கள். ஆனால் எலியின் குருத்தெலும்பு மிகமிக மெல்லியது. அதன் மூட்டிலிருந்து நீரை எடுத்துப் பார்ப்பதும் கடினம். குதிரையின் மூட்டு பெரியது. வாரந்தோறும் ஊசியால் நீர் எடுத்துச் சோதிக்கலாம். குழாய்க் கருவியை உள்ளே விட்டுக் கண்ணால் பார்க்கலாம். குதிரையின் பின்கால் முழங்கால் மூட்டில் உள்ள குருத்தெலும்பின் கனம் சுமார் 2 மில்லிமீட்டர். மனிதரின் முழங்காலில் இருப்பதும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆகவே குதிரைக்குப் பார்த்த முடிவு மனிதருக்கும் ஓரளவு உதவும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான காரணம், குதிரைக்கு இந்த நோய் இயற்கையாகவே வருகிறது என்பது. பந்தயக் குதிரை முழு வேகத்தில் பாயும்போது முன்கால் முட்டியில் உள்ள சிறு எலும்புகளின் ஓரம் சில்லாக உடைந்து விடுவதுண்டு. அந்தச் சில்லு மூட்டுக்குள் கிடந்து உறுத்தும். சவ்வு வீங்கும். குருத்தெலும்பு தேயும். பல குதிரைகளின் பந்தய வாழ்வு இதனால் முடிந்திருக்கிறது. (குதிரையின் முன்கால் முட்டி என்று நாம் சொல்வது, எலும்புக் கணக்குப்படி மனிதரின் மணிக்கட்டுக்குச் சமம். மாட்டுக்கும் அப்படியே. நம் முழங்காலுக்குச் சமமான மூட்டு, விலா முடியும் இடத்துக்குக் கீழே பின்காலில் மேலே இருக்கிறது.)

சரி, இயற்கையாக நோய் வந்த குதிரைகளை வைத்தே மருந்தைச் சோதிக்கலாமே, நோயை ஏன் உண்டாக்க வேண்டும்? உரச் சோதனை செய்த உழவருக்கு இதற்கு விடை உடனே விளங்கும். மேட்டு வயலில் ஒரு உரமும், பள்ளத்து வயலில் வேறு உரமும் போட்டு, எது நல்லதென்று சொல்ல முடியாது. ஒரே வயலை வரப்புக் கட்டிப் பிரித்து, ஒரே நாளில் நட்டு, ஒரு பாத்திக்கு உரம் போட்டு, மற்றதைச் சும்மா விட வேண்டும். நோய் தானாக வந்த குதிரைகளில் ஒன்றுக்கு வயது 4, ஒன்றுக்கு 14. ஒன்றுக்கு நோய் வந்து ஒரு மாதம், மற்றொன்றுக்கு இரண்டு வருடம். நோயைத் தாமே உண்டாக்கினால் எல்லாக் குதிரைக்கும் ஒரே நாளில், ஒரே இடத்தில், ஒரே அளவில் நோய் தொடங்கும். ஒரு முட்டியில் நோய்; மறு முட்டி ஒப்பிட்டுப் பார்க்க. மருந்து கொடுத்த குதிரை ஒரு கூட்டம். வெறும் உப்புநீர் ஊசி போட்ட குதிரை மறு கூட்டம்.

நோயை உண்டாக்கும் வழிகள்

இதற்குப் பல வழிகளைக் கையாண்டிருக்கிறார்கள். ஒன்று, சில பாக்டீரியாக்களின் மேலுறையிலிருந்து எடுத்த நஞ்சுப் பொருளை மூட்டுக்குள் செலுத்துவது. அளவு மிகச் சிறிது. ஒரு கிராமை நூறு கோடிப் பங்காகப் பிரித்தால் வரும் நானோகிராம் கணக்கில்தான் கொடுக்கிறார்கள். அதற்கே சில மணி நேரத்தில் குதிரை நொண்டத் தொடங்குகிறது. ஓரிரு நாளில் தானாகச் சரியாகி விடுகிறது. வலி நிவாரண மருந்து எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது என்று பார்க்க இது போதும். குதிரைக்கும் நிரந்தரச் சேதம் இல்லை. பூஞ்சைக்கு எதிரான ஆம்ஃபோடெரிசின் என்ற மருந்தை மூட்டில் செலுத்தினால் நொண்டல் வாரக்கணக்கில் நிற்கும். அயோடோ அசிட்டேட் என்ற இரசாயனம் குருத்தெலும்பின் உயிரணுக்களையே கொன்று விடும். இந்த முறை ஒரு விதத்தில் முரட்டு முறை. இயற்கையில் எந்தக் குதிரைக்கும் மூட்டு அப்படிக் கெடுவதில்லை.

கொலராடோவில் கையாண்ட முறை இயற்கைக்கு நெருங்கியது. அங்கே இந்த வேலைக்குத் தலைமை தாங்கியவர்களில் முக்கியமானவர் வேய்ன் மெக்கில்ரெய்த். நியூசிலாந்தில் பிறந்தவர். குதிரை மூட்டுக்குள் குழாய்க் கருவியை விட்டு அறுவை செய்யும் முறையை வளர்த்தவர்களில் முன்னோடி. டேவிட் ஃபிரிஸ்பி முதலியோர் அவருடன் இருந்து இந்தச் சோதனைகளை நடத்தினார்கள்.

குதிரைக்கு மயக்க மருந்து கொடுத்து, ஒரு முன்கால் முட்டிக்குள் சிறு துளை வழியாகக் கருவியை விட்டு, எலும்பின் ஓரத்தில் 8 மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு சில்லைப் பெயர்க்கிறார்கள். பெயர்ந்த இடத்தைச் சற்றுக் குடைந்து அகலப்படுத்துகிறார்கள். அப்போது விழும் தூளைக் கழுவி எடுக்காமல் உள்ளேயே விட்டு விடுகிறார்கள். பந்தயக் குதிரைக்கு நேர்வதும் இதுதான். மறு முட்டியில் கருவியை விட்டுப் பார்த்துவிட்டு எதுவும் செய்யாமல் மூடி விடுகிறார்கள்.

இரண்டு வாரம் ஓய்வு. அதன்பின் வாரத்துக்கு ஐந்து நாள், நின்ற இடத்திலேயே ஓட வைக்கும் டிரெட்மில் இயந்திரத்தில் ஏற்றி, இரண்டு நிமிடம் மெல்லோட்டம், இரண்டு நிமிடம் பாய்ச்சல், மறுபடி இரண்டு நிமிடம் மெல்லோட்டம். உடைந்த மூட்டோடு வேலை செய்வதுதானே நோயை வளர்க்கிறது! 70 ஆம் நாள் சோதனை முடிகிறது. இதற்கிடையில் எத்தனை நொண்டுகிறது என்று மதிப்பெண் போடுகிறார்கள். எந்தக் குதிரைக்கு மருந்து, எதற்கு உப்புநீர் என்பது மதிப்பெண் போடுகிறவருக்குத் தெரியக்கூடாது என்பது விதி. தெரிந்தால், மருந்து கொடுத்த குதிரை நன்றாக நடப்பது போலவே கண்ணுக்குத் தோன்றும். இது மனித சுபாவம்.

இரண்டு ஸ்டீராய்டு, இரண்டு முடிவு

மூட்டு வீக்கத்துக்கு மருத்துவர்கள் பல்லாண்டாகப் போட்டு வரும் ஊசி ஸ்டீராய்டு. வீக்கத்தைச் சட்டென்று தணிக்கும். அதைப் பற்றி இரு கட்சி இருந்தது. அருமையான மருந்து என்று ஒரு கட்சி. மூட்டைத் தின்றுவிடும் என்று மறு கட்சி. சோதனை இரண்டையும் கலைத்து விட்டது.

1997 இல் வெளிவந்த ஆய்வில் டிரையாம்சினோலோன் என்ற ஸ்டீராய்டை 18 குதிரைகளை வைத்துச் சோதித்தார்கள். ஒரு ஊசிக்கு 12 மில்லிகிராம், இரண்டு ஊசி. நோயுள்ள முட்டியில் ஊசி போட்ட குதிரைகளின் நொண்டல் குறைந்தது. மூட்டைத் திறந்து பார்த்தபோது குருத்தெலும்பும் மருந்து போடாத குதிரைகளைவிட நன்றாகவே இருந்தது. நல்ல முட்டியில் ஊசி போட்ட குதிரைகளிலும், நோயுள்ள மறு முட்டியின் குருத்தெலும்பு ஓரளவு காப்பாற்றப்பட்டிருந்தது என்பது ஆச்சரியம். மருந்து இரத்தத்தில் கலந்து அந்தப் பக்கமும் போயிருக்க வேண்டும்.

அடுத்த ஆண்டு, 1998 இல், அதே முறையில் மெத்தில் பிரெட்னிசோலோன் என்ற மற்றொரு ஸ்டீராய்டின் முடிவு வெளிவந்தது. இதுவும் அப்போது குதிரை மூட்டுக்குப் பரவலாகப் போடப்பட்ட மருந்துதான். மூட்டு நீரில் வீக்கத்தை உண்டாக்கும் பொருள் குறைந்திருந்தது. சவ்வும் தணிந்திருந்தது. அதுவரை பார்த்தால் மருந்து வேலை செய்துவிட்டது என்றுதான் எவரும் சொல்வார்கள். ஆனால் குருத்தெலும்பை மெல்லிய சீவல்களாக அறுத்து நுண்ணோக்கியில் பார்த்தபோது, வெறும் ஊசி போட்ட முட்டிகளைவிட மருந்து போட்ட முட்டிகள் மோசமாக இருந்தன. நொண்டலிலும் சொல்லும்படியான லாபம் இல்லை.

இரண்டுமே ஸ்டீராய்டுதான். இரண்டுமே வீக்கத்தை அடக்கின. ஒன்று குருத்தெலும்பைக் காத்தது, மற்றொன்று கெடுத்தது. வெளியே பார்த்து இதைச் சொல்லவே முடியாது. "ஸ்டீராய்டு நல்லதா கெட்டதா" என்று மொத்தமாகக் கேட்பது, "உரம் நல்லதா கெட்டதா" என்று கேட்பது போலத்தான். எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை முறை, எந்த மூட்டு என்று கேட்க வேண்டும்.

இதற்கு நேர்மாறான ஒரு முடிவும் உண்டு. வெண்ணெய்ப் பழம் எனப்படும் அவகாடோவிலிருந்தும் சோயாவிலிருந்தும் எடுத்த ஒரு சாரத்தை வாய்வழியே கொடுத்துப் பார்த்தார்கள். 2007 இல் முடிவு வந்தது. நொண்டல் குறையவில்லை. வலியும் குறையவில்லை. குதிரைக்காரர் பார்த்தால் "காசு வீண்" என்று நிறுத்தி விடுவார். ஆனால் உள்ளே குருத்தெலும்பின் அரிப்பு மருந்து கொடுக்காத குதிரைகளைவிடக் குறைவாக இருந்தது!

வேறு பல வைத்தியங்களும் இந்த 70 நாள் சோதனையில் ஏறி இறங்கின. குதிரையின் சொந்த இரத்தத்தையே எடுத்து, கண்ணாடி மணிகளோடு சேர்த்து ஒரு நாள் வைத்திருந்து, அதன் தெளிந்த நீரை மூட்டில் போட்டதில் நொண்டல் குறைந்தது. அது 2007 இல். எலும்பு மஜ்ஜையிலிருந்தும் கொழுப்பிலிருந்தும் எடுத்த மூல உயிரணுக்களைப் பற்றிப் பெரிய எதிர்பார்ப்பு இருந்தது. 2009 இல் வந்த முடிவு சுமார்தான். தண்ணீர்த் தொட்டிக்குள் நடக்க வைக்கும் பயிற்சியையும் சோதித்துப் பார்த்தார்கள். தண்ணீர் உடலைத் தூக்கிப் பிடிப்பதால் மூட்டில் பாரம் குறைகிறது. முட்டி மடங்கும் அளவு கூடியது.

குதிரைகளின் கதி

குருத்தெலும்பை நுண்ணோக்கியில் பார்த்தார்கள் என்று எழுதினோம். உயிருள்ள குதிரையின் முட்டியிலிருந்து அதை முழுதாக எடுக்க முடியாது. 70 ஆம் நாள் அந்தக் குதிரைகளை வலியின்றிக் கொன்ற பிறகுதான் எடுத்தார்கள். மருந்து பெற்றவை, பெறாதவை எல்லாமே. இதை மறைத்து முடிவை மட்டும் எழுதுவது முறையல்ல.

இப்படிச் செய்யலாமா என்ற கேள்வி புதிதல்ல. 1959 இல் இங்கிலாந்தில் ரஸ்ஸல், பர்ச் என்ற இருவர் எழுதிய நூலில் மூன்று விதிகளைக் கூறினார்கள். விலங்கு இல்லாமல் முடியுமானால் அப்படியே செய். வேண்டியே தீருமானால் குறைந்த எண்ணிக்கையில் செய். படும் துன்பத்தைக் குறை. இன்று பல நாடுகளில் இப்படிப்பட்ட சோதனைக்கு ஒரு குழுவின் அனுமதி வேண்டும். சில நாளில் தானே ஆறும் நஞ்சுப் பொருள் முறையை இன்று பலர் விரும்புவதற்கும், கொல்லாமலே காந்தப் படக் கருவியால் குருத்தெலும்பைப் பார்க்க முயல்வதற்கும் இதுவும் ஒரு காரணம். ஆனாலும் 1998 இல் அந்தக் குதிரைகளைத் திறந்து பார்க்காதிருந்தால், வீக்கம் தணிந்ததையே நல்ல செய்தியாக எண்ணி அந்த ஊசியை இன்னும் எத்தனை குதிரைகளுக்குப் போட்டிருப்பார்கள் என்பதும் நினைத்துப் பார்க்க வேண்டியது. இரண்டையும் எடை போட்டால் தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதில் நமக்கே தீர்மானம் இல்லை.

இந்தச் சோதனைக்கு எல்லையும் உண்டு. அடிபட்டு இரண்டரை மாதம் ஆன முட்டியைத்தான் அது காட்டுகிறது. பத்து வருடம் பாரம் இழுத்துத் தேய்ந்த மூட்டு அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது. குதிரைக்கு ஒத்துவந்த மருந்தளவை மாட்டுக்குப் போடுவதும் தவறு.

நம் தொழுவத்துக்கு வருவோம்

மாடு நொண்டினால் முதலில் பார்க்க வேண்டியது முட்டியை அல்ல, குளம்பை. மாடுகளின் நொண்டலில் பெரும்பகுதி குளம்பிலும் குளம்பிடுக்கிலும்தான். முள், ஆணி, கூரிய கல், வளர்ந்து மடங்கிய குளம்பு, லாடம் அடித்தபோது சதையில் ஏறிய ஆணி ஆகியவற்றைக் கழுவிப் பார்த்தாலே தெரியும். வாயில் நுரை ஒழுகி, குளம்பிடுக்கில் புண்ணும் இருந்தால் அது கோமாரியாக இருக்கலாம். அதற்கு மூட்டு ஊசியால் பயனில்லை.

குளம்பில் ஒன்றும் இல்லாமல் மூட்டுதான் வீங்கியிருக்கிறது என்றால், வேலையை நிறுத்திவிட வேண்டும். கொலராடோவில் நோயை வளர்க்கவே குதிரையை ஓட்டினார்கள் என்பது நினைவிருக்கட்டும். ஊசி போட்டு வலி மறைந்த மாட்டை மறுநாளே பூட்டினால், நாமும் அதே சோதனையைத்தான் நம் மாட்டில் செய்கிறோம். வலி இருக்கும் வரை மாடு காலைப் பார்த்து ஊன்றும். வலி மறைந்தால் முழுப் பாரத்தையும் அந்த மூட்டில் போடும். வீக்கம் வடிந்த பிறகும் சில வாரம் மெத்தென்ற தரையில், வைக்கோல் பரப்பிக் கட்டி, பிறகு சுமையில்லாமல் நடக்கவிட்டு, கடைசியில்தான் வண்டியில் பூட்ட வேண்டும். எத்தனை நாள் என்பதை மருத்துவர் மூட்டைத் தொட்டுப் பார்த்துச் சொல்வார்.

கன்றுக்கு மூட்டு வீங்கினால் அது வேறு சங்கதி. பிறந்த சில நாள், சில வாரத்தில் கன்றின் ஒன்றிரண்டு மூட்டுகள் வீங்கிக் காய்ச்சலும் இருந்தால், பெரும்பாலும் தொப்புள் வழியே கிருமி ஏறி இரத்தத்தோடு மூட்டுக்குப் போயிருக்கும். உள்ளே சீழ் இருக்கும். இந்த மூட்டில் ஸ்டீராய்டு போட்டால் கிருமிக்குக் கதவைத் திறந்து விட்டதாகும். கிருமியைக் கொல்லும் மருந்து உடனே வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் கன்று ஆயுளுக்கும் நொண்டியாகலாம். பிறந்தவுடன் தொப்புள் கொடியை டிங்சர் அயோடினில் நனைப்பதும், முதல் சில மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்க விடுவதும் இதைப் பெரும்பாலும் தடுத்துவிடும்.

வலி ஊசி பற்றி இன்னொன்று. டைக்ளோஃபினாக் என்ற மருந்தைக் கால்நடைக்குப் பயன்படுத்துவதை 2006 இல் இந்திய அரசு தடை செய்தது. அதைப் போட்ட மாடு இறந்தபின் அதன் உடலைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகம் கெட்டுக் கூட்டம் கூட்டமாக மடிந்தன. 2023 இல் கீட்டோப்ரோஃபென், அசிக்ளோஃபினாக் ஆகிய இரண்டையும் தடைப் பட்டியலில் சேர்த்தார்கள். மெலாக்ஸிகாம் கழுகுக்குக் கெடுதல் செய்யாத மருந்து. மனிதருக்கு விற்கும் டைக்ளோஃபினாக் ஊசியை வாங்கி வந்து மாட்டுக்குப் போடச் சொன்னால் மறுத்துவிட வேண்டும்.

ஊசி போட வருபவரிடம் மருந்தின் பெயரைக் கேட்டு, குப்பியை வாங்கிப் பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஸ்டீராய்டாக இருந்தால், இந்த மாட்டுக்கு இதற்கு முன் எத்தனை முறை போட்டாயிற்று என்று அவரிடம் சொல்ல வேண்டும். கறவை மாடானால் எத்தனை நாள் பாலை விற்கக் கூடாது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். சினை மாடானால் எத்தனை மாதச் சினை என்பதை ஊசி ஏறும் முன்பே சொல்லிவிட வேண்டும். கடைசி மாதங்களில் இருக்கும் சினை மாட்டுக்குச் சில ஸ்டீராய்டு ஊசிகள் கன்றை முன்னதாகவே ஈன வைத்துவிடும்.